புளியங்கொட்டைக் கணக்கு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்ணில் பட்டதும் அப்பாயி அடுப்புக்கு மேலே இருக்கும் தகர டப்பாவை இறக்குவாள். உள்ளே புளியங்கொட்டை. வருஷம் முழுக்கப் புளி கரைக்கும்போது ஒதுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்துச் சேர்த்தவை. படங்குச் சாக்கை விரித்து அதில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். உடைந்ததும் பூச்சி அரித்ததும் அடுப்புக்குள் போகும்.

"புள்ளைக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு. சொத்தை ஆகாதுடி" என்பாள்.

இலங்கையில், மாத்தளைப் பக்கத்து ரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று இரண்டு டிவிசன். அப்பாயி பணியக்கணக்கில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்வார்கள். அது அவளுடைய பகல் வேலை, அதற்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. மாசி மாதம் காமன் கூத்து இரவுகளில் அவள் செய்த வேலைக்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. அந்த வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காமன் கூத்தைப் பற்றி இன்று நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகத்துக் கலைகளைத் தேடித்தேடிப் பதிவு செய்ததால் அடுத்த தலைமுறைக்கு அதெல்லாம் கிடைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நான் கடமைப்பட்டவள். ரதி யார், மதன் யார், தூதன் எப்போது வருவான், வீரபத்திரன் எப்படி ஆடுவான், லாவணிப் பாட்டில் காமன் எரிந்தான் என்ற கட்சியும் எரியவில்லை என்ற கட்சியும் எப்படி மோதும் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் நூறு பேர் தீப்பந்தத்தோடு மலைச்சரிவில் விடிய விடிய நடக்கும் இரவில் அத்தனை பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்பியது எப்படி என்பதை நான் படித்த எதிலும் காணவில்லை. கூத்தின் பாத்திரங்களை எண்ணும்போது என் அப்பாயியையும் ஒரு பாத்திரமாக எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

கூத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன், அதாவது காமன், நெற்றிக்கண்ணால் எரிந்துபோகிறான். அவன் மனைவி ரதி அழுது மன்றாடி அவனை மீட்கிறாள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு வந்த சனங்கள் இந்தக் கதையையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் பிரி, வரட்டி எல்லாம் சேர்ந்ததுதான் கம்பம். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பௌர்ணமி வரை இரவுதோறும் தப்புச் சத்தம் கேட்கும். கடைசி இரவு ரதியும் மதனும், லயம் என்கிற வரிசை வீடுகளில், லயம் லயமாக, வீடு வீடாக வருவார்கள். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையிலும் கோலம், விளக்கு, ஒரு தட்டில் அரிசி, தேங்காய், காசு. ஆட்டம் முடிந்து தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். விடியும் நேரத்தில் பொட்டலில் காமன் எரிவான்.

பிள்ளைகளுக்கு அந்த வாசல் வாசலாகப் போகும் ஊர்வலம்தான் கூத்து. எங்களுக்கும் முகத்தில் அரிதாரம் பூசிவிடுவார்கள். பையன்கள் கரியால் மீசை வைத்துக்கொள்வார்கள். கம்பம் ஊன்றுவதற்கு முன்னாலேயே பையன்கள் லயம் லயமாகப் போய் வரட்டியும் விறகும் கேட்டு வாங்கிவருவார்கள். கடைசி இரவில் ஒவ்வொரு வீட்டிலும் எங்களுக்கு அவித்த கடலை, பொரி, வெல்லக்கட்டி, சில வீடுகளில் இனிப்பு ரொட்டி கிடைக்கும். 1960களில் அரிசியே கூப்பனுக்கு அளந்து வந்த வீடுகள் அவை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் படுக்கிற வீடு பிள்ளைகளுக்கென்று ஒரு கை கடலையை எடுத்து வைத்திருக்கும்.

இனி அந்த இரவின் ஆபத்துகளைச் சொல்கிறேன். மாத்தளைப் பக்கத்து மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும். மாசியில் வானம் வெளுத்துவிடும். கூத்துக்கு வசதியான காலம் அதுதான். அதே காலத்தில் மானாப்புல் காய்ந்து சருகாகி நிற்கும். ஒரு பொறி போதும். லயங்களுக்கு நடுவே கற்படிகள், படிகளுக்கு இருபுறமும் கான். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் எங்கள் இடுப்பளவு ஆழம். இருட்டில் கால் வைத்தால் எலும்பு முறியும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பாசி. மேற்கணக்குக்கு மேலே காடு. காட்டிலிருந்து சிறுத்தை இறங்கி லயத்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போனதுண்டு. இவற்றோடு மனிதரால் வரும் ஆபத்தும் இருந்தது. கூத்து இரவில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சாராயம் குடித்தவர்களும் இருப்பார்கள். அப்பாயி இதை மறைத்துப் பேசியதே இல்லை. "வேசம் போட்டவனப் பாத்துப் பயப்படாத. வேசம் போடாம வர்றவனப் பாத்துக்க" என்பாள்.

ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் பிள்ளைக்காம்பரா வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தலைக்கணக்கு எண்ணுவது ஆகாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆகவே அவள் எண்ணவே மாட்டாள். வரிசையில் வருகிற பிள்ளையின் கையில் ஒரு புளியங்கொட்டையை வைப்பாள், தன் முந்தியில் ஒன்றைப் போடுவாள். பிள்ளை அந்தக் கொட்டையைச் சட்டை முனையிலோ பாவாடை நாடாவிலோ முடிந்துகொள்ள வேண்டும். கூத்து முடிந்ததும் வீட்டுக்குப் போகும் முன் அவளிடம் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் முந்தியிலிருந்து ஒன்றை எடுத்து அதோடு சேர்த்து டப்பாவில் போடுவாள். சோடி சேராமல் முந்தியில் ஒரு கொட்டை மிஞ்சினால் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவளுடைய அம்மாயி கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவளாம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் போடும் முன்பு வந்தவர்களில் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தே மாத்தளை வந்து சேர்ந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளை. வாந்திபேதி, மலேரியாக் காய்ச்சல், தண்ணீரில்லாத காடு. செத்தவர்களை வழியோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். இரவு தங்கும் இடத்தில் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த வறண்ட காட்டில் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. அம்மாயியின் கூட்டத்தில் ஒரு கிழவி பிள்ளைகள் கையில் கொட்டையைக் கொடுத்து ராத்திரி திருப்பி வாங்கினாள் என்பது அப்பாயி கேட்ட கதை. மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கிழவியின் முந்தியில் இரண்டு கொட்டை மிஞ்சியதாம். அவற்றை மாரியம்மன் காலடியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு மலை ஏறினாளாம்.

எத்தனை வாய் மாறி வந்த கதை, எவ்வளவு அப்படியே இருக்கிறது என்பதை நான் அளக்கவில்லை. ஆனால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பாதை முடியும் இடத்தில்தான் நிற்கிறது. 1852இல் வயல் நிலம் ஒன்று கொடையாகக் கிடைத்து, 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஆதரவில் எழுந்த கோயில் அது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட அம்மன் என்றுதான் எங்கள் சனங்கள் அவளைச் சொல்வார்கள்.

மாசி மகத் தேரும் காமன் எரிப்பும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வரும். ஐந்து தேர்களும் மாத்தளைத் தெருவில் இறங்கும் நாளில் ரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ, கம்மடுவ என்று எல்லாத் தோட்டத்துச் சனமும் பட்டணத்தில் நிற்கும். அங்கே அப்பாயியின் கொட்டை செல்லாது. அவளுக்குத் தெரியாத முகங்கள்தானே அத்தனையும். அதனால் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெரியவனைப் பிடித்து ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லய நம்பர் எழுதச் சொல்லி எங்கள் சட்டைக்கு உள்பக்கம் ஊக்கால் குத்திவிடுவாள். பிள்ளையின் பெயர் மட்டும் அதில் இராது. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "பேரச் சொல்லிக் கூப்புட்டா புள்ள பழகுனவன்னு நம்பிப் போயிடும்டி" என்றாள். பின்னாளில் நான் ஆசிரியையாகிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் நினைவுக்கு வந்தது. பெயரைப் பைக்கு வெளியே பெரிதாக எழுதி ஒட்ட நான் விட்டதே இல்லை.

கூத்துக்குத் திரும்புகிறேன். கிடைக்கிற கடலையையும் வெல்லத்தையும் வழியில் தின்னக்கூடாது. எல்லாம் ஒரு கூடையில் சேர வேண்டும். பொட்டலுக்குக் கொண்டுபோய்க் காமனுக்குப் படைத்த பிறகுதான் பங்கு. படைக்காமல் வாயில் வைத்தால் பல் விழும் என்று பயமுறுத்தி வைத்திருந்தாள். பொட்டலில் பெற்றோமாக்ஸ் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் கூடையைச் சுளகில் கொட்டி, கெட்டுப்போன கடலையைப் பொறுக்கி எறிந்து, தானும் இரண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரித்துக் கொடுப்பாள். பங்கும் சரியாக இருக்கும், பெரிய பையன் சின்னவனிடம் பிடுங்கவும் வழி இராது.

போன ஐப்பசியில் கனடாவிலிருந்து என் தங்கை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு ஆறு வயது. ஒக்டோபர் 31, ஹாலோவீன்: பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கும் இரவு. பிள்ளை வௌவால் வேடம் போட்டிருந்தாள். முதுகில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி ஒட்டியிருந்தது, கையில் டோர்ச். "வீட்டுக்குக் கொண்டு வந்து நான் பார்த்த பிறகுதான் ஒரு முட்டாயைக்கூட வாயில் வைக்கலாம் பெரியம்மா, அதுதான் இங்கே சட்டம்" என்றாள் தாய். எனக்குச் சுளகும் பெற்றோமாக்ஸும் கண்ணுக்குள் வந்தன. அவளோ அப்பாயியைப் பார்த்ததே இல்லை.

பிறகு நான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பெற்றோருக்கு ஒரே பயம்: அறியாத யாரோ இனிப்பில் விஷம் வைத்துக் கொடுத்துவிடுவார் என்று. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த செய்திகளைத் தேடி ஆராய்ந்தார். வாசலுக்கு வந்த பிள்ளையை அந்நியர் ஒருவர் விஷ இனிப்புக் கொடுத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸில் உண்மையாகவே ஒரு சிறுவன் சயனைட் கலந்த இனிப்பைத் தின்று இறந்தான். கொடுத்தவன் அந்நியன் அல்ல, காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்தத் தகப்பன். அந்த இரவில் பிள்ளைகளை உண்மையில் அதிகம் பறிப்பது தெருவில் ஓடும் வாகனங்கள்தான். பிரித்தானியாவில் 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் மகளுடைய ஹாலோவீன் உடையில் மெழுகுவர்த்தித் தீ பற்றிப் பிள்ளை கடுமையாக வெந்துபோனாள். வேட உடைகளுக்கான தீச் சோதனையை அங்கே கடுமையாக்கியது அதற்குப் பிறகுதான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நைலெக்ஸ் துணி. 1960களின் நடுவில் அந்தத் துணி தோட்டத்துக் கடைக்கு வந்தது. மினுமினுக்கும், கசங்காது, துவைத்தால் உடனே காயும். எனக்கும் என் சித்தப்பா மகளுக்கும் தீபாவளிக்கு ஒரே மாதிரிச் சிவப்புப் பாவாடை தைத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு காமன் பார்க்கப் போக நாங்கள் பட்ட ஆசை கொஞ்சமல்ல. அப்பாயி கடைசிவரை இணங்கவில்லை. பழைய பருத்திச் சீலையைக் கிழித்து எங்களுக்குச் சுற்றிவிட்டாள். நான் மண்ணில் புரண்டு அழுதேன். அவள் அந்தத் துணியில் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினாள். நூல் எரியவில்லை, உருகிச் சொட்டியது. சொட்டு விழுந்த இடத்தில் பலகை கருகியது. "இது மேல ஒட்டுனா தோலோட வரும்" என்றாள். எங்கும் படித்துத் தெரிந்தவள் அல்ல. ஒரு நூலை எரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியது.

தீப்பந்தம் பிடிப்பவர்களையும் அவளே பார்த்துவிடுவாள். வாயில் சாராய வாடை வந்தால் பந்தத்தை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். காப்புக் கட்டிய கூத்து வாத்தியாரும் அவளுக்குப் பின்னால் நிற்பார். விரதம் முறிந்தவன் தீயைத் தொடக்கூடாது என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. தெய்வகுற்றம் என்று சொன்னதால்தான் குடித்தவனும் அடங்கினான்.

பிள்ளைகள் மிகவும் பயந்தது வீரபத்திரனுக்கு. சிவந்த முகம், கோரைப்பல், கையில் வாள். இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் பின்னால் இழுத்துப் பிடிக்க, அவன் திமிறித் திமிறி வருவான். அந்த நேரம் சனம் கலைந்து ஓடினால் சரிவில் இருக்கும் பிள்ளைகள் மிதிபடுவார்கள், கானில் விழுவார்கள். அதற்கு ஒரு விதி இருந்தது. வீரபத்திரன் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே குந்தியிருந்து தரையைப் பார்க்க வேண்டும். எழுந்து ஓடுகிறவனைத்தான் அவன் துரத்துவான். குந்தியிருப்பவன் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். நாங்கள் அதை உயிராக நம்பினோம். ஒரு பிள்ளைகூட ஓடியதை நான் பார்த்ததில்லை. கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஆட்டம் முழுக்க எங்கள் பக்கம் முதுகு காட்டியே நின்றார்கள் என்பதும், வீரபத்திரன் எவ்வளவு திமிறினாலும் எங்களிடமிருந்து இரண்டு பாகத்துக்குள் நெருங்கவில்லை என்பதும் வளர்ந்த பிறகுதான் புலப்பட்டது.

இன்னொரு விதியை நான் அன்றும் வெறுத்தேன், இன்றும் பாதிக்கு மேல் ஏற்கவில்லை. பெரிய பிள்ளையான பெண் ஊர்வலத்தோடு போகக்கூடாது. பதின்மூன்று வயதில் என்னை இஸ்தோப்பில் உட்கார்த்திவிட்டார்கள். ரதி வேடம் கட்டியவர் என் சித்தப்பா. அவருக்கு மஞ்சள் பூசி, கொண்டை வைத்து, என் அம்மாவின் கூறைச்சீலையைக் கட்டிவிட்டு அனுப்பிய நான் அவர் ஆட்டத்தை என் வாசலில் மட்டும்தான் பார்க்கலாம். பெண்ணாக வேடமிட்ட ஆண் ஊரெல்லாம் போவார், பெண் போகக்கூடாது. ஆபத்து ஆண்களிடமிருந்து வந்தால் அடைத்து வைக்க வேண்டியது பெண்ணையா என்று அப்பாயியிடம் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வருஷம் ஒவ்வொரு லயத்து மூலையிலும் ஒரு கிழவியைக் குப்பி லாம்போடு உட்காரவைத்து, பெரிய பெண்கள் கூட்டமாகப் பொட்டல் வரை போய்வர வழி செய்தாள். விதி மாறவில்லை. ஆனால் அந்த விளக்குகளால் எங்களுக்கு ஒரு பாதை கிடைத்தது.

1967 அல்லது 68 இருக்கும். காமன் எரிந்து முடிந்து, ரதி ஒப்பாரி ஓய்ந்து, நாங்கள் கொட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். முந்தியில் ஒன்று மிஞ்சியது. அப்பாயி தப்படிக்கிறவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். தோட்டத்தில் தப்புக்குப் பல பாஷை உண்டு. பெரட்டுத் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு, காமன் தப்பு வேறு. அன்று அவர் அடித்தது எதுவும் அல்லாத ஒரு அடி. மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. ஆண்கள் பந்தங்களைத் திரும்பக் கொளுத்தினார்கள். ஆளுக்கொரு கானாக இறங்கித் தேடினார்கள். பீலிக்கரை, கோழிக்கூடு, கொய்யா மரம் எல்லாம் பார்த்தாயிற்று. காணாமல்போன பையனின் தாய் சத்தம் போட்டு அழவில்லை. பொட்டலில் சாம்பலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எரிந்த கம்பத்துக்குள் பிள்ளை இருக்குமோ என்று அவள் மனம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது.

பெரட்டுக்களத்துக் கொட்டகையில் பையன் அகப்பட்டான். கூத்துக்காரர்கள் கழற்றிப் போட்ட சீலைக் குவியலுக்குள் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கொட்டை கால்சட்டை முனையில் முடிந்தபடியே இருந்தது. அதற்கு அடுத்த வருஷம் முதல் வேடம் கழற்றும் இடத்திலும் ஒரு கிழவி உட்கார்ந்தாள்.

பிறகு வந்த காலத்தில் கொட்டைகள் வேறு விதமாகச் சோடி பிரிந்தன. 1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எண்ணுவது ஆகாது என்று நம்பிய பெண்களின் பிள்ளைகளை அரசாங்கங்கள் இலட்சக் கணக்கில் எண்ணின. எங்கள் தோட்டத்திலும் கடிதம் வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கட்டுமூட்டை கட்டின. அழுகைச் சத்தத்தோடு தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம். சித்தப்பா குடும்பம் 1973இல் போனது. அது பஞ்ச காலம், தோட்டங்களில் பட்டினி. என் சிவப்புப் பாவாடைத் தோழி போகும்போது அப்பாயி அவள் கையில் ஒரு கொட்டையை வைத்தாள். சோடியைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள். ரதி இல்லாமல் அந்த மாசியில் கூத்து நடக்கவில்லை. வேறு ஒருவர் பழகி ரதி கட்ட இரண்டு வருஷம் ஆனது. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு இன்னும் சில குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. அவர்களும் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

1983 ஜூலை இனக்கலவரத்தில் மாத்தளை எரிந்தது. கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தேர்களும் தீக்கிரையாயின. பட்டணத்துப் புகை எங்கள் மலைக்குத் தெரிந்தது. இருட்டுவதற்குள் லயங்களை விட்டு மேற்கணக்குக்கு மேலே மானாப்புல் காட்டுக்குள் ஏறினோம். நான் அப்போது ஆசிரியை, வயது இருபத்தாறு. அப்பாயிக்கு எழுபத்தைந்து இருக்கும். அவளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். டப்பாவையும் அவள் எடுத்து வந்திருந்தாள். விளக்குக் கூடாது, சத்தம் கூடாது. இருட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் பக்கம் ஊர்ந்து போய்க் கொட்டை வாங்கினார்கள். நடுராத்திரியில் இடம் மாறினோம். மாறிய இடத்தில் மறுபடி சோடி சேர்த்தாள். விடியும் முன் இன்னொரு முறை. பேச்சே இல்லை, கொட்டையும் கொட்டையும் உரசும் சத்தம் மட்டும். அன்று வீரபத்திரன் விதி எங்களுக்கு உதவியது. "எழும்பாத, ஓடாத, குந்திக்க, தரையப் பாரு" என்று தாய்மார் காதில் சொன்னதும் இரண்டு வயதுப் பிள்ளைகூட அடங்கியது. காலையில் கீழே நாட்டுக் கிராமப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் பலாக்காயும் தேங்காயும் அவித்துக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு நாள் அவர்கள் தந்த சாப்பாட்டில்தான் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். மாத்தளையிலும் கொழும்பிலும் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர்.

அப்பாயி 1986இல் இறந்தாள். அடுத்த வருஷமே ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய பயங்கரமும் தொடங்கின. 1987 முதல் 89 வரை மாத்தளையில் இரவு என்றாலே பயம். கூத்தும் இல்லை, பந்தமும் இல்லை. 2012இல் மாத்தளை ஆஸ்பத்திரி நிலத்தைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு அங்கே வந்து நின்ற சிங்களத் தாய்மாரைப் பத்திரிகையில் பார்த்தேன். பெரட்டுக்களத்துப் பையனின் தாய் சாம்பலைச் சுற்றி நடந்தது நினைவுக்கு வந்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தில் மறுபடியும் காமன் ஊன்றினார்கள். சில வருஷம் நடக்கும், சில வருஷம் நடக்காது. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையில் தம்புள்ளையிலிருந்து கொஞ்ச தூரம் நானும் சேர்ந்துகொண்டேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி முந்தியில் போட்டுக்கொண்டேன். கூட வந்த இளம் பெண் ஒருத்தி "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். மாத்தளை வந்து சேரும்வரை அவளும் எனக்காகப் பொறுக்கிக்கொண்டே வந்தாள்.

போன மாசியில் கூத்து நடந்தது. பெற்றோமாக்ஸ் இருந்த இடத்தில் எல்.ஈ.டி. விளக்குகள். பந்தம் நான்குதான். பிள்ளைகள் கையில் போன். நான் பழைய பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். தாய்மார் முதலில் தயங்கினார்கள், பிறகு பிள்ளைகளை வரிசையில் விட்டார்கள். அப்பாயியின் டப்பாவில் சோடியில்லாமல் கிடக்கும் பழைய கொட்டைகளைத் தொடவில்லை. தம்புள்ளைப் பாதையில் பொறுக்கியவற்றைக் கொடுத்தேன்.

காமன் எரிந்து முடிந்தது. பிள்ளைகள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் என் முந்தியில் ஒன்று மிஞ்சியது. தப்புக்காரர் என்னைப் பார்த்தார். மூன்று அடி அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்பதற்குள், பின்னாலிருந்து ஒரு பெண் "மேட்டு லயத்துச் சின்னவன் டீச்சர், தூங்கிட்டான்னு தாத்தா தூக்கிட்டுப் போனாரு" என்றாள். போன் வெளிச்சத்தில் படி ஏறினேன். கதவைத் தட்டியதும் தாய் எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். பாயில் பையன் கரி மீசையோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் முடிச்சு இல்லை. தாய் அவன் வலது கையை மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கை வியர்வையில் நனைந்து கொட்டை பளபளவென்று இருந்தது. வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.